ஒரே ஒரு புள்ளி!

டப்ளின் நகரத்தில் வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் யாரிடமும் வழி கேட்கவேண்டிய அவசியமே கிடையாது. ரயிலை விட்டு இறங்கி, முன்னால் போகிற கூட்டத்தின் பின்னால் நடக்க ஆரம்பித்தால் போதும். கொடி பிடித்த கிழவர்கள், கன்னத்தில் வர்ணம் பூசிய பெண்கள், அப்பாவின் தோளில் ஏறிய குழந்தைகள், ஸாண்ட்விச் பொட்டலத்தைக் கைப்பையில் திணித்துக்கொண்ட அம்மாமார்கள் எல்லாரும் ஒரே திசையில்தான் போய்க்கொண்டிருப்பார்கள். ஓ'கானல் தெருவின் அகலத்தில் தொடங்கி, சிவப்புச் செங்கல் வீடுகள் தோளோடு தோள் இடித்து நிற்கும் சின்னச் சின்னத் தெருக்கள் வழியாக ராயல் கால்வாய்ப் பக்கம் வந்து சேர்ந்தால், கூரைகளுக்கு மேலே மலை மாதிரி ஒரு கட்டடம் எழும்பி நிற்கும். அதுதான் குரோக் பார்க். 82,300 பேர் கொள்ளும் மைதானம்.

அத்தனை பேரும் எதற்காகப் போகிறார்கள்? கிரிக்கெட்டுக்கா? இல்லை. நாம் அறிந்த கால்பந்துக்கா? அதுவும் இல்லை. 'கேலிக் கால்பந்து' என்று அயர்லாந்துக்காரர்களுக்கே சொந்தமான ஓர் ஆட்டம். அதன் அகில அயர்லாந்து இறுதிப் பந்தயத்துக்குத்தான் இவ்வளவு அமர்க்களமும்!

2017-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் பத்திரிகை வேலையாக டப்ளினில் பத்து நாள் தங்க நேர்ந்தது. மைதானத்திலிருந்து பத்து நிமிஷ நடையில், டிரம்கோண்ட்ரா என்ற பகுதியில், ஒரு விதவை அம்மாளின் வீட்டு மாடியில் எனக்கு அறை கிடைத்தது. பந்தயத்தைப் பற்றி எனக்கு அப்போது அட்சரம் கூடத் தெரியாது. தெரியாமல் அந்த வீட்டில் இரண்டு நாள் கூட இருக்க முடியாது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஏனென்றால் அந்த அம்மாள் மேயோ ஜில்லாவில் பிறந்தவள். அவளுடைய மாப்பிள்ளையோ டப்ளின் நகரத்துக்காரர். அந்த வருஷத்து இறுதிப் பந்தயத்தில் மோதவிருந்தவை டப்ளினும் மேயோவும்!

கையும் காலும் கலந்த ஆட்டம்

ஆட்டத்தை முதலில் கொஞ்சம் புரிந்துகொள்வோம். ஒரு கட்சிக்குப் பதினைந்து பேர். எழுபது நிமிஷ ஆட்டம். பந்தைக் காலால் உதைக்கலாம். கையில் எடுத்துக்கொண்டு ஓடவும் செய்யலாம். ஆனால் நாலு அடிக்கு மேல் சும்மா ஓடக்கூடாது. மேலே போவதென்றால் ஒரு தரம் பந்தைத் தரையில் தட்டவேண்டும்; அல்லது ஓட்டத்திலேயே கால் நுனியால் தட்டித் திரும்பக் கைக்குக் கொண்டுவரவேண்டும். அடுத்தடுத்து இரண்டு தடவை தரையில் தட்டக்கூடாது. பக்கத்தில் உள்ளவனுக்குக் கொடுக்கவேண்டுமானால் எறியக்கூடாது. கையால் குத்தித்தான் அனுப்பவேண்டும்.

கோல் கம்பங்கள் ஆங்கில 'எச்' எழுத்தைப் போல இருக்கும். குறுக்குச் சட்டத்துக்கு மேலே பந்து போனால் ஒரு புள்ளி. கீழே, வலைக்குள் போனால் ஒரு கோல். அதற்கு மூன்று புள்ளி மதிப்பு. '1-17' என்று எழுதியிருந்தால் ஒரு கோல், பதினேழு புள்ளி, ஆக மொத்தம் இருபது என்று கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு விஷயம்தான் என்னை ஆச்சரியத்தில் ஆழ்த்தியது. எண்பதாயிரம் பேர் காசு கொடுத்துப் பார்க்கும் இந்த ஆட்டத்தில், ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் என்பது கிடையாது! திங்கட்கிழமை காலையில் ஒருவர் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போவார். இன்னொருவர் பாங்க் வேலைக்குப் போவார். நல்ல ஆட்டக்காரரைப் பணம் கொடுத்து வாங்கும் வழக்கமும் இல்லை. எந்த ஜில்லாவின் மண்ணைச் சேர்ந்தவரோ அந்த ஜில்லாவுக்குத்தான் ஆடுவார். அதனால்தான் அங்கே தோற்பது 'அவர்கள்' அல்ல; 'நாம்'.

மைதானம் சொல்லும் கதை

அயர்லாந்துத் தீவில் மொத்தம் 32 ஜில்லாக்கள். இருபத்தாறு குடியரசைச் சேர்ந்தவை. ஆறு பிரிட்டனின் கீழ் உள்ள வட அயர்லாந்தைச் சேர்ந்தவை. ஆனால் இந்தப் பந்துக்கு மட்டும் அந்த எல்லைக்கோடு தெரியாது. வடக்கும் தெற்கும் ஒரே கோப்பைக்குத்தான் போட்டியிடுகின்றன.

அதற்குக் காரணம் உண்டு. ஆங்கில ஆட்சியில் தங்கள் பாஷையும் பழக்கங்களும் மறைந்துகொண்டு வருகின்றனவே என்று ஏங்கிய சிலர், 1884-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி தர்லஸ் என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் கூடி, தேசிய விளையாட்டுகளைக் காப்பாற்ற ஒரு சங்கம் தொடங்கினார்கள். அந்தச் சங்கத்துக்கு ஆதரவளித்த ஆர்ச்பிஷப் குரோக்கின் பெயர்தான் மைதானத்துக்கு. சங்கத்தின் அங்கத்தினர் ஆங்கில விளையாட்டுகளை ஆடவோ, பார்க்கவோ கூடாது என்று நெடுங்காலம் ஒரு தடை இருந்தது. 1971-இல்தான் அது நீங்கிற்று.

1920-ஆம் வருஷம் நவம்பர் 21-ஆம் தேதி, விடுதலைப் போராட்டம் உச்சத்தில் இருந்த சமயம், டப்ளினும் டிப்பரரியும் இந்த மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தபோது பிரிட்டிஷ் படையினர் உள்ளே புகுந்து கூட்டத்தை நோக்கிச் சுட்டார்கள். பதினாலு உயிர்கள் பலியாயின. டிப்பரரி ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகனும் அதில் ஒருவர். இன்று கோப்பையைக் கையில் வாங்க ஏறிப்போகும் மேடை இருப்பது அவர் பெயரைக் கொண்ட ஹோகன் ஸ்டாண்டில்தான்.

அந்தக் கோப்பையின் பெயர் ஸாம் மகுவயர். அயர்லாந்தில் ஒருவரும் அதைக் கோப்பை என்று சொல்லிக் கேட்கவில்லை. வெளியூர் போன பிள்ளையைச் சொல்வதுபோல, "ஸாம் இந்த வருஷம் எங்கே போகிறான்?" என்றுதான் கேட்கிறார்கள்.

காத்திருக்கும் ஜில்லா

மேயோ, அயர்லாந்தின் மேற்கு ஓரத்தில், அட்லாண்டிக் கடலின் காற்றும் மழையும் ஓயாமல் அறையும் பூமி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் பஞ்சத்தில் மிகவும் அடிபட்ட பகுதிகளில் ஒன்று. அதற்குப் பிறகும் கப்பல் ஏறிப் போனவர்களை வழியனுப்பியே பழகிவிட்ட ஊர்கள். ஜூலை மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை, குரோ பாட்ரிக் என்ற கல்லும் சரளையுமான மலையில் ஆயிரக்கணக்கான பக்தர்கள் ஏறுவார்கள், சிலர் வெறுங்காலோடு. கஷ்டப்பட்டு ஏறுவது அவர்களுக்குப் புதிதல்ல என்று சொல்லத்தான் இதைச் சொன்னேன்.

மேயோ கடைசியாக ஸாம் மகுவயர் கோப்பையை ஜெயித்தது 1951-இல். அதற்குப் பிறகு 1989-இல் இறுதிப் பந்தயத்துக்கு வந்து தோற்றது. 1996, 1997, 2004, 2006, 2012, 2013 என்று வந்து வந்து தோற்றது. 2013-இல் தோற்றது ஒரே ஒரு புள்ளியில். 2016-இல் டப்ளினோடு ஆடிய முதல் ஆட்டம் சமமாய் முடிந்தது. அதில் டப்ளினுக்குக் கிடைத்த இரண்டு கோல்களும் மேயோக்காரர்கள் மேலேயே பட்டு உள்ளே போனவை! மறு ஆட்டத்தில் மீண்டும் ஒரே ஒரு புள்ளியில் தோல்வி.

இப்படியெல்லாம் நடந்தால் ஜனங்கள் கதை கட்டாமல் இருப்பார்களா? 1951-இல் கோப்பையோடு ஊர் திரும்பிய வீரர்கள், பாக்ஸ்போர்டு என்ற ஊரில் ஒரு சவ ஊர்வலம் நடக்கும்போது மரியாதைக்குக் கூட நிற்காமல் குதூகலமாய்ப் போனார்களாம். பாதிரியார் கோபம் கொண்டு, "உங்களில் ஒருவர் உயிரோடு இருக்கிறவரை மேயோவுக்கு இனிக் கோப்பை இல்லை" என்று சபித்துவிட்டாராம். நடந்ததற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. அந்த வீரர்களே மறுத்த கதைதான். ஆனால் சாபத்துக்கு ஆதாரம் எதற்கு? தோல்விகள் போதாதா?

சாப்பாட்டு மேஜையில் போர்க்களம்

சனிக்கிழமை இரவு. வீட்டுக்கார அம்மாளின் மகளும் மாப்பிள்ளையும் ஒன்பது வயதுப் பேத்தியும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை மாமியாரைப் பெயர் சொல்லி அழைக்கிற தேசம் அது. முதலில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, பிறகு பழகிவிட்டது. பேத்தி தலையில் டப்ளினின் நீலக் குல்லாயும், காலில் மேயோவின் பச்சை சிவப்புக் காலுறையும் போட்டிருந்தாள். தாய்வழிக்கும் தகப்பன்வழிக்கும் பாரபட்சம் காட்டாத நல்ல பெண்!

சாப்பாடு முடிந்ததும் அந்த அம்மாள் தட்டுகளை ஒதுக்கிவிட்டு, "இங்கே வந்து உட்கார், பெண்ணே. நாளைக்கு எப்படி ஜெயிப்பது என்று உனக்குச் சொல்கிறேன்" என்றாள். அவளுக்கு எழுபது வயது. கடைசியாக மேயோ ஜெயித்தபோது அவளுக்கு நாலு வயது. அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்து கோப்பையைப் பார்த்த ஞாபகம் தனக்கு இருப்பதாகச் சொல்வாள். பிற்பாடு நர்ஸ் வேலைக்காக டப்ளினுக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டவள்.

மேஜையின் ஒரு கோடியில் உப்புச் சிமிழை வைத்தாள்.

"இவன்தான் ஸ்டீபன் கிளக்ஸ்டன். டப்ளினின் கோல் காவலன், தலைவனும் கூட. இவனைப் புரிந்துகொண்டால் பாதி ஆட்டம் புரிந்தமாதிரி."

ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகும், எதிர்க்கட்சி அடித்த பந்து கோல் கோட்டுக்கு வெளியே போகும்போதெல்லாமும், கோல் காவலர்தான் பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கவேண்டும். பழைய நாளில் கண்ணை மூடிக்கொண்டு நடு மைதானத்துக்கு உயர உதைப்பார்கள். இரண்டு கட்சியிலும் உயரமானவர்கள் எகிறிப் பிடிப்பார்கள். யாருக்குக் கிடைக்கிறதோ அவர்கள் பாடு யோகம். கிளக்ஸ்டன் இந்த வழக்கத்தையே மாற்றிவிட்டார். எதிரி மூச்சு வாங்கித் திரும்புவதற்குள், பக்கத்தில் தனியாய் நிற்கும் தன் ஆளுக்கு அளந்து உதைத்துவிடுவார். அளந்து என்றால் அரிசி அளக்கிற மாதிரி. ஒரு பிடி கூடாது, குறையாது. பந்து டப்ளினிடமே இருந்துகொண்டிருந்தால் மற்றவர்கள் புள்ளி எடுப்பது எப்படி?

அம்மாள் ஆறு முட்டைக் கிண்ணங்களை உப்புச் சிமிழுக்கு எதிரே நெருக்கி வைத்தாள். "கிட்டத்தில் ஒருவனையும் சும்மா விடக்கூடாது. ஒவ்வொருவன் பக்கத்திலும் ஒருவன். அப்போது கிளக்ஸ்டன் வேறு வழியில்லாமல் தூரமாய் உதைப்பான். தூரத்தில் நம் உயரமான பையன்கள் காத்திருப்பார்கள்!"

"எல்லாரும் முன்னே வந்துவிட்டால் பின்னால் யார் இருப்பார்கள்?" என்று மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்.

"அதுதான் ஆபத்து" என்று அவள் உடனே ஒப்புக்கொண்டாள். "இரண்டாவது விஷயம், முதல் ஐந்து நிமிஷம். கான் ஓ'கல்லகன் என்று இருபத்தொரு வயதுப் பையன். டைரோனோடு ஆடின அரையிறுதியில் ஆரம்பத்திலேயே கோல் போட்டான். அவன் பந்தைப் பிடித்து நேராக ஓடினால் வழியில் நிற்கிறவன் விழுவான். நம் ஆட்களுக்குக் கண் விழிப்பதற்குள் ஒரு கோல் போய்விடும்."

மூன்றாவதாக ஒரு தேக்கரண்டியை எடுத்தாள். அது லீ கீகன், மேயோவின் காவல்காரர். டப்ளினின் ஆட்டம் முழுவதும் கியரன் கில்கெனி என்பவரைச் சுற்றி ஓடுகிறது. கச்சேரியில் தாளம் போடுகிறவர் மாதிரி அவர். கீகன் நிழலைப் போல அவரை ஒட்டிக்கொள்ளவேண்டும் என்பது அவள் தீர்மானம். "கில்கெனிக்குப் பந்து கிடைக்காவிட்டால் டப்ளின்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்து விழிப்பார்கள். கீகனுக்கு முன்னேறிப்போய் கோல் போடும் கெட்ட பழக்கமும் உண்டு. அதை நான் தடுக்கமாட்டேன்" என்று கண் சிமிட்டினாள்.

நாலாவது விஷயத்துக்கு வந்தபோது அவள் குரல் கொஞ்சம் இறங்கிற்று. மேயோ அந்த வருஷம் தன் பிராந்தியப் போட்டியில் கால்வேயிடம் தோற்று, சுற்று வழியாக ஏறி வந்த கோஷ்டி. இரண்டு ஆட்டங்களில் அதிக நேரம் ஆடி, ராஸ்காமனோடு இரண்டு தரம், கெர்ரியோடு இரண்டு தரம் மோதி வந்திருந்தது. இறுதிப் பந்தயம் அவர்களுக்குப் பத்தாவது ஆட்டம், டப்ளினுக்கோ ஆறாவது. "களைப்பு என்கிறார்கள். நான் பதம் என்கிறேன். ஆனால்..." என்று நிறுத்தி, மேஜைக்கு வெளியே, நாற்காலிமேல், பளபளவென்று ஐந்தாறு முள்கரண்டிகளை அடுக்கினாள். "இவர்கள் டப்ளினின் மாற்று ஆட்டக்காரர்கள். வேறு எந்த ஜில்லாவிலும் முதல் வரிசையில் ஆடக்கூடியவர்கள். கடைசி இருபது நிமிஷத்தில் நம்மவர்கள் கால் தள்ளாடும்போது இவர்கள் புதிதாய் வருவார்கள்."

மாப்பிள்ளை தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "எனக்கு வேறு திட்டமே இல்லை. கடைசி ஐந்து நிமிஷம் வரைக்கும் சமமாக இருந்தால் போதும்" என்றார். அதைச் சொன்ன நிதானம் எனக்கே கோபமூட்டியது. 2016-ஆம் வருஷக் கணக்கெடுப்பின்படி டப்ளின் ஜில்லாவின் ஜனத்தொகை பதிமூன்று லட்சத்துக்கும் மேல். மேயோவுக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம். குரோக் பார்க் இருப்பதும் டப்ளினில்தான். இவ்வளவையும் வைத்துக்கொண்டு நிதானமாக இருப்பதற்கென்ன!

"ஐந்தாவது" என்றாள் அம்மாள், அவர் பேசியதே காதில் விழாததுபோல. "கோபம் கூடாது. தப்பாட்டம் கூடாது. டீன் ராக் உதைக்கிற தூரத்தில் ஒரு ஃப்ரீ கிக் கொடுத்தால் அது புள்ளி என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். ஒரு புள்ளியில் எத்தனை தடவைதான் தோற்பது?"

அதுவரை சும்மா இருந்த பேத்தி அப்போது கேட்டாள்: "பாட்டி, மேயோ 1951-லிருந்து ஜெயிக்கவே இல்லை என்கிறாயே. மேயோ பெண்கள் நாலு தடவை ஜெயித்திருக்கிறார்களே! அது கணக்கு இல்லையா?"

மேஜையைச் சுற்றிலும் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. குழந்தை சொன்னது வாஸ்தவம். 1999, 2000, 2002, 2003 ஆகிய நாலு வருஷங்களில் மேயோவின் பெண்கள் கோஷ்டி அகில அயர்லாந்துச் சாம்பியன். அவர்களும் மேயோ மண்ணில் பிறந்தவர்கள்தாம். பாட்டி பேத்தியை இழுத்து அணைத்துக்கொண்டு, "கணக்குத்தான், கண்ணே. கணக்குப் போடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். நானும் மறந்துதான் போனேன்" என்றாள்.

ஜன்னல் சொன்ன செய்தி

ஞாயிறு, செப்டம்பர் 17. டிக்கெட்டுகள் பெரும்பாலும் ஊர் ஊராக இருக்கும் கிளப்புகள் மூலமாகத்தான் போகின்றன. எங்களுக்குக் கிடைக்கவில்லை. மாப்பிள்ளைக்கு மட்டும் கிடைத்தது, போய்விட்டார். நாங்கள் நாலு பெண்களும் வீட்டில் டெலிவிஷன் முன் உட்கார்ந்தோம்.

இங்கே ஒரு வேடிக்கை. மைதானத்தின் ஆரவாரம் ஜன்னல் வழியாக நேரே வந்துவிடும். டெலிவிஷன் படமோ வானத்தைச் சுற்றிக்கொண்டு சில விநாடி தாமதித்து வரும். ஆகவே என்ன நடந்தது என்று தெரிவதற்கு முன்னாலேயே ஏதோ நடந்துவிட்டது என்று தெரியும். ஆனால் யாருக்கு?

ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, ஜன்னல் அதிர்ந்தது. அம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகுதான் படத்தில் பார்த்தோம்: ஓ'கல்லகன் பந்தோடு நேராய் ஓடினார், கோல்! முதல் எச்சரிக்கை பலித்துவிட்டது.

ஆனால் மேயோ கலங்கவில்லை. முட்டைக் கிண்ணங்கள் நெருங்கி நின்றன. கீகன் கில்கெனியை விட்டு அகலவில்லை. ஆண்டி மோரன் என்ற அனுபவஸ்தர் புள்ளிக்குமேல் புள்ளியாய் எடுத்தார். பாதி ஆட்டத்தில் மேயோ ஒரு புள்ளி முன்னால்! அம்மாள் சமையலறைக்குப் போய்த் தேநீர் போட்டு வந்தாள். ஒன்றில்கூடச் சர்க்கரை போட மறந்துவிட்டாள்.

இரண்டாம் பாதியில் மேயோவுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்த சமயத்தில் கைகலப்பு மூண்டது. இரண்டு பக்கத்திலும் ஒவ்வொருவர் வெளியேற்றப்பட்டார்கள். கிடைத்திருந்த ஃப்ரீ கிக்கும் கைநழுவியது. "கோபம் கூடாதென்று சொன்னேனே!" என்று அம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகும் கீகன் முன்னேறிப்போய் ஒரு கோல் போட்டார். அவருடைய 'கெட்ட பழக்கம்' காப்பாற்றிற்று. நாற்காலிமேல் இருந்த முள்கரண்டிகள் ஒவ்வொன்றாய் மைதானத்துக்குள் வந்தன. எழுபது நிமிஷம் முடிந்து கூடுதல் நேரம். இரண்டு கட்சியும் சமம். மாப்பிள்ளை கேட்டது அதுதானே!

மேயோவின் தலைவர் சிலியன் ஓ'கானர் ஒரு ஃப்ரீ கிக் உதைக்கத் தயாரானார். ஜன்னல் வழியாக வந்தது ஆரவாரம் அல்ல, ஒரு பெருமூச்சு. எண்பதாயிரம் பேர் சேர்ந்து விட்ட பெருமூச்சு. படத்தில் அப்புறம்தான் பார்த்தோம்: பந்து கம்பத்தில் மோதித் திரும்பியது.

அடுத்து, மாற்று ஆட்டக்காரராக வந்திருந்த டப்ளினின் டியார்மட் கனோலியை மேயோக்காரர் தடுத்து வீழ்த்த, டப்ளினுக்கு ஃப்ரீ கிக். டீன் ராக் பந்தை வைத்தார். படத்தில் அவர் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. ஜன்னலில் இடி இடித்தது.

அம்மாள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஐம்பது வருஷம் இந்த வீட்டில் இருந்து கேட்டுப் பழகிய காது. "நீலம்" என்றாள். எழுந்துபோய் டெலிவிஷனை நிறுத்தப் போனாள். பேத்தி கையைப் பிடித்து உட்கார வைத்தாள். நடந்துமுடிந்ததை எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். ராக் ஓடி வரும்போது அவர் கவனத்தைக் கலைக்க, கீகன் தன் சட்டைக்குள் இருந்த ஒரு சின்னக் கருவியைக் கழற்றி எறிந்தார். பந்து சட்டை செய்யவில்லை. கம்பங்களுக்கு நடுவே போயிற்று. டப்ளின் 1-17, மேயோ 1-16.

ஒரே ஒரு புள்ளி!

அவள் மேஜைமேல் வகுத்த ஐந்து விஷயங்களும் ஒன்றுவிடாமல் நடந்தன. எல்லாம் சரியாகச் சொல்லியும் தோற்றதுதான் எனக்கு ஆறவில்லை. அவளோ, "அதனாலென்ன? நான் சொன்னது சரிதானே!" என்று சொல்லிவிட்டு, இரவு வந்த மாப்பிள்ளைக்குத் தன் கையாலேயே தட்டு வைத்தாள். அவரும் வெற்றியைப் பற்றி வாயே திறக்காமல் சாப்பிட்டார். பிறகு ஒருவரும் சொல்லாமலே பாத்திரம் முழுவதும் கழுவி வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை

கதை அதோடு முடியவில்லை. செப்டம்பர் 24-ஆம் தேதி அதே மைதானத்தில் பெண்களின் இறுதிப் பந்தயம். அதிலும் டப்ளினும் மேயோவுமே எதிரெதிர்! இந்தத் தடவை பேத்தியின் பிடிவாதத்தால் எல்லாரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனோம். 46,286 பேர் வந்திருந்தார்கள். அதுவரை பெண்கள் இறுதிப் பந்தயத்துக்கு வந்த கூட்டங்களிலேயே பெரியது அதுதான். தாயும் மகளுமாக, சிநேகிதிகள் கூட்டம் கூட்டமாக, பள்ளிக்கூடப் பெண்கள் பஸ் பஸ்ஸாக!

பெண்கள் ஆட்டத்தில் சட்டம் சற்று வித்தியாசம். ஆண்கள் தரையில் கிடக்கும் பந்தைக் கால் நுனியால் தூக்கித்தான் கையில் எடுக்கவேண்டும். பெண்கள் நேரே கையால் எடுக்கலாம். ஆட்டத்தின் வேகம் அதனால் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. மேயோவின் கோரா ஸ்டான்டன் பதிமூன்றாவது வயதில் ஜில்லாவுக்காக ஆடத் தொடங்கியவர். அன்று அவருக்கு முப்பத்தைந்து வயது. அந்த நாலு வெற்றிகளிலும் பங்குள்ளவர். பாட்டி அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அன்றும் ஜெயம் டப்ளினுக்கே: 4-11, 0-11. முந்தின மூன்று வருஷமும் இறுதிப் பந்தயத்தில் கார்க் ஜில்லாவிடம் தோற்றிருந்த பெண்கள் அவர்கள். கோப்பையைத் தூக்கியபோது அழுதார்கள். மேயோ அம்மாளும் எழுந்து நின்று கை தட்டினாள். "காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தால் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது" என்றாள்.

சாபம் தீர்ந்தது, காத்திருப்பு தீரவில்லை

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? டப்ளின் ஆண்கள் 2015 முதல் 2020 வரை தொடர்ந்து ஆறு வருஷம் கோப்பையை வைத்துக்கொண்டார்கள். மேயோ 2020-இல், கொரோனாக் காலத்துக் காலி மைதானத்தில், டப்ளினிடம் தோற்றது. 2021-இல் டைரோனிடம் தோற்றது. அந்தப் பந்தயம் நடந்த அதே செப்டம்பர் மாதத்தில், 1951 கோஷ்டியில் கடைசியாக எஞ்சியிருந்த பாடி பிரெண்டர்காஸ்ட் 95-ஆவது வயதில் காலமானார். கதைப்படி பார்த்தால் சாபம் அன்றோடு தீர்ந்துவிட்டது. ஆனாலும் 2025 வரை ஸாம் மேயோவுக்கு வரவில்லை. இனிமேல் தோற்றால் பழிபோடச் சாபம்கூட இல்லை, பாவம்!

உப்புச் சிமிழ் தந்திரத்துக்கும் ஆபத்து வந்துவிட்டது. 2025-ஆம் வருஷப் புதிய சட்டப்படி, கோல் காவலர் உதைக்கும் பந்து நாற்பது மீட்டர் வளைவைத் தாண்டியே ஆகவேண்டும். பக்கத்திலுள்ளவனுக்கு அளந்து கொடுக்கும் வித்தை இனிச் செல்லாது. அந்த வளைவுக்கு வெளியிலிருந்து சட்டத்துக்கு மேலே உதைத்தால் ஒன்றுக்குப் பதில் இரண்டு புள்ளி. பழையபடி உயர எகிறிப் பிடிக்கும் ஆட்டம் திரும்பிவிட்டது. அந்த வருஷக் கோப்பை கெர்ரிக்குப் போயிற்று.

டப்ளினுக்குப் போகும் வாய்ப்பு நேயர்களுக்குக் கிடைத்தால், இப்போது இறுதிப் பந்தயம் செப்டம்பரில் அல்ல, ஜூலைக் கடைசியில் நடக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் போனாலும் குரோக் பார்க்கில் ஒரு பொருட்காட்சிசாலை உண்டு. மைதானத்தின் கூரைமேல் ஏறி நகரம் முழுவதையும் பார்க்கலாம். கீழே தெருவில் எங்காவது ஒரு வீட்டு ஜன்னலில் பச்சையும் சிவப்புமாய்க் கொடி தெரிந்தால், அந்த வீட்டாரிடம் "அடுத்த வருஷம் கட்டாயம் ஜெயிப்பீர்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதை அவர்கள் எழுபது வருஷத்துக்கு மேலாகக் கேட்டாகிவிட்டது.

"கோல் காவலன் எப்படி உதைக்கிறான்?" என்று கேளுங்கள். உங்களை உள்ளே அழைத்து, தட்டுகளை ஒதுக்கிவிட்டு, உப்புச் சிமிழை எடுப்பார்கள்.